கதவு எண் 3/17

பிப்ரவரி 9
முகாம்: சான் எலியாஸ், பிலிப்பைன்ஸ்.

பேரூராட்சிச் செயல் அலுவலராகக் காலம் தள்ளியவனுக்கு, எங்கே போனாலும் முகாம் நாட்குறிப்பு எழுதும் வியாதி விடாது. ஓய்வு பெற்ற பிறகு முகாம் எதுவும் அமையாததால் நோட்டு சும்மா கிடந்தது. இன்று அமைந்தது.

வந்த நோக்கம்: மகள் செண்பகவல்லியைத் தலைப்பிரசவத்துக்கு உடன்குடிக்கு அழைத்துப் போவது. துபாயில் வேலை பார்த்த இடத்தில் இந்த ஊர்ப் பையன் ரோடெலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, இரண்டு பேருமாகக் கடற்கரையில், சம்பந்தி வீட்டை ஒட்டி, நான்கு அறை விடுதி நடத்துகிறார்கள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். எட்டில் எங்கள் பக்கம் பெண்ணை இடம் மாற்றமாட்டார்கள். ஒன்பதில் விமானக்காரன் ஏற்றமாட்டான். ஆகவே 24ஆம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். காலம் தாராளமாக இருக்கிறது.

வீடு தயார். கதவு எண் 3/17, புதுமனைத் தெரு. பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கூட இருந்து பார்த்துக்கொள்ள என் தங்கை வருவதாகச் சொல்லியிருந்தாள். மூட்டு வலி என்று பின்வாங்கிவிட்டாள். எதிர்வீட்டு ராசகனி ஒரு வேளை மட்டும் சமைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

கொண்டுவந்தவை: சம்பந்தி வீட்டுக்குக் கருப்பட்டி பத்துக் கிலோ, கண்ணாடி வளையல், ஒரு பழைய நூல் சேலை. சேலை கொண்டுவரும் உத்தேசம் இல்லை. பெட்டியில் இடம் இருந்தது.

மணிலாவில் சுங்க அதிகாரி கருப்பட்டியை முகர்ந்து பார்த்தார். உடைத்து ஒரு துண்டு கொடுத்தேன். தின்றுவிட்டு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 10

சம்பந்தி ஃபெர்மின் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊராட்சி அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறது. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்ததுபோல் நான் கிடைத்திருக்கிறேன். அவர் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழும்போது அது உடன்குடித் தமிழாகிவிடுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

காலையில் காவல் கோபுரம். பவளப்பாறைக் கல்லில் கட்டியது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் கொள்ளைக்காரர்கள் படகில் வந்து ஆட்களைப் பிடித்துப்போய் அடிமையாக விற்பார்களாம். படகு தெரிந்ததும் மேலேயிருந்து சங்கு ஊதுவார்கள். ஊரே மலைக்கு ஓடும்.

"எல்லாரும் ஓடிருவாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் ஓடல சம்பந்தி. தூங்கிட்டாரு."

"பொறவு?"

"கொள்ளக்காரன் வந்து பாத்தான். சங்கு ஊதியும் முழிக்காதவன யாரு வெல குடுத்து வாங்குவான்னு வுட்டுட்டுப் போயிட்டான். அதனாலதான் நான் இருக்கேன்."

கோபுரத்துக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை. கல் இடுக்கில் ஆலங்கன்று ஒன்று முளைத்திருந்தது. வேர் இறங்கினால் சுவர் பிளந்துவிடும் என்று பிடுங்கி எறிந்தேன். சம்பந்தி பதறிப்போனார். அந்த மரத்தில் ஆவிகள் குடியிருக்குமாம். எங்கள் ஊர் மரத்திலும் உண்டு, அதற்காகச் சுவரை விட்டுக்கொடுக்க முடியுமா என்றேன்.

மாலையில் செண்பகத்திடம் பயணம் பற்றிப் பேசப் போனேன். "தூங்குறா மாமா. சாப்பிட்டீங்களா?" என்றான் ரோடெல். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 12

இன்று அருவி. வெகுநேரம் மலை ஏறினோம். அருவி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாறை நனைந்திருந்தது.

"இத ஜூலை மாசம் பாக்கணும் சம்பந்தி. பேய்த்தண்ணி விழும்."

"இது பிப்ரவரில்லா?"

"ஆமா. இப்பம் பாத நல்லா இருக்கு. ஜூலைல அருவி இருக்கும், பாத இருக்காது."

குற்றாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தேன். விருந்தாளியாக இருக்கிறவன் வாயை அடக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் செண்பகம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் வெளியே போகும்போதெல்லாம் அவள் வீட்டில் இருக்கிறாள். நான் வந்தால் வெளியே போகிறாள்.

பிப்ரவரி 13

கால் வலி. முகாம் அறைக்குள்ளேயே. சம்பந்தியம்மா நெனித்தா வெந்நீரும் ஏதோ இலையும் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "ஈட், ஈட்" என்பார். இலையைச் சாப்பிடவா, காலில் கட்டவா என்று தெரியவில்லை. கட்டினேன்.

நான் கொடுத்த கருப்பட்டியில் ஒரு வட்டு, அடுக்களைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 16

நேற்று மணல்திட்டு பார்க்கப் போனோம். கடல் உள்வாங்கி வற்றம் வரும்போது நடுக்கடலில் மணல் மேலெழும் என்றார் சம்பந்தி. படகில் குடையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். எழவில்லை. கணக்குத் தப்பிவிட்டதாம். சரித்திரம் படித்தவரிடம் கணக்கை விடக்கூடாது.

இன்று மறுபடியும் போனோம். எழுந்தது. நாலாபக்கமும் தண்ணீர், நடுவில் வெள்ளை மணல், அதன்மேல் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி பிரமசக்திக்குக் கடலைக் கரையிலிருந்து பார்த்தால் போதும், கால் நனைக்கமாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் செண்பகம் உட்கார்ந்தாள். 24ஆம் தேதி என்று ஆரம்பித்தேன். "எப்பா, வௌவால் குகை பாத்துட்டியளா? மாமா, அப்பாவக் குகைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பிப்ரவரி 18

குகை பார்த்தாயிற்று. வௌவால் ஏராளம். மிதித்தது எல்லாம் எச்சம். உரத்துக்கு ஏலம் விட்டால் ஊராட்சிக்கு நல்ல வருமானம் வரும் என்று சம்பந்தியிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். பழைய சான் எலியாஸ் அங்கேதான் இருந்ததாம். கொள்ளைக்குப் பயந்து ஒரு தடவை, பேரலை வந்து ஒரு தடவை, காலரா வந்து ஒரு தடவை என்று ஊர் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது.

"வீடெல்லாம் இடிச்சிட்டா போனாங்க?"

"எதுக்கு இடிக்கணும்? தூக்கிட்டுப் போனாங்க."

மூங்கில் கால், மூங்கில் சுவர், ஓலைக்கூரை. அடியில் நீளமான மூங்கிலைக் கட்டி, இருபது முப்பது பேர் தோள் கொடுத்தால் வீடு எழுந்துவிடும். கூலி கிடையாது. வீட்டுக்காரன் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். இன்னமும் மலையோரக் கிராமங்களில் செய்வதுண்டு என்றார். பாயனிஹான் என்று பெயர்.

நான் நம்பவில்லை. வாத்தியார்கள் சும்மா இருக்க முடியாமல் சொல்வது. இருந்தாலும் ஒரு சந்தேகம் கேட்டேன். "வீடு இங்கிட்டும் அங்கிட்டும் போனா கதவு எண் என்னாவும்? வீட்டு வரிய எந்தத் தெருவுல போடுவிய?"

சம்பந்தி நின்றுவிட்டார். "இத்தன வருசத்துல இந்தக் கேள்விய ஒருத்தனும் கேட்டதில்ல சம்பந்தி" என்றார். "நம்பரும் வீட்டோடதான் வரும்னு நெனைக்கேன்."

பொறுப்பில்லாத நிர்வாகம்.

பிப்ரவரி 20

இன்று சம்பந்தி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, மின்மினிப் பூச்சி பார்க்கலாம் என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டு, செண்பகத்தின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி சுமாருக்குக் கதவைத் திறந்தாள்.

"பெட்டி கட்டணும்மா" என்றேன்.

"நான் வரலப்பா."

"டிக்கெட் எடுத்தாச்சு."

"தெரியும். மாமாவ ஒங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டச் சொன்னதே நான்தான். தேதி தாண்டிட்டா நீங்க வெரட்டமாட்டியன்னு பாத்தேன்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நான் உண்டாக்கிய சட்டம் இல்லை, ஊர் வழக்கம், சம்பந்தி வீட்டில் பிரசவம் பார்த்தால் பெண்ணைப் பெற்றவன் எதற்கு இருக்கிறான் என்று நாலு பேர் கேட்பார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தாய் வீடு தாய் வீடுன்னா அங்க தாய் எங்கப்பா இருக்கா?" என்றாள். "அம்மா செத்தப்பம் நான் வந்து சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. மூணு நாள் கண்ண மூடிட்டுக் கெடந்துட்டுத் திரும்பி வந்தேன். அம்மா இல்லாத அந்த வீட்டுல, பின்கட்டு ரூம்புல படுத்து, நான் எப்டிப்பா புள்ளப் பெறுவேன்? எனக்குப் பயமா இருக்கு."

நான் வெள்ளையடித்த விஷயத்தைச் சொன்னேன்.

அவள் அழுதாள். இருமல் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21

எழுத எதுவும் இல்லை. மீன் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 24

விமானம் போய்விட்டது. மத்தியானம் மேலே ஒன்று போனதைப் பார்த்தேன். அது வேறு விமானமாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 27

எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. ரோடெல் என்னைப் பக்கத்து நகரத்துக்கு அழைத்துப்போய் விசாவை நீட்டித்து வந்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை "சாப்பிட்டீங்களா மாமா" என்றான். நல்ல பையன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. யார்மேல் கோபம் என்று யோசித்தால் ஆள் அகப்படவில்லை.

மார்ச் 2

கோபுரத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"வருத்தமா சம்பந்தி?"

"வருத்தம்லாம் இல்ல."

"ஒங்களுக்குத் தூரம் பிரச்சனையா, வீடு பிரச்சனையா?"

வேட்டி நுனியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன். பிறகு சொன்னேன். எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்தவன், பெண்ணின் புகுந்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்கக் கூச்சப்படுவான். நானோ மூன்று வாரமாக இங்கேயே உட்கார்ந்து தின்கிறேன். பேரப்பிள்ளை பிறக்கும்போதும் இங்கே விருந்தாளியாகத்தான் நிற்க வேண்டும். இன்னொருத்தர் அடுக்களையில் வெந்நீர் கேட்டு வாங்க வேண்டும். "பிரமசக்தி இருந்தா அவ நின்னுருவா. பொம்பளைக்கு எந்த அடுக்களையும் பழகிரும். எனக்கு என் வீட்டு அடுப்புதான் பத்த வைக்கத் தெரியும். நானே அதுக்கு ரெண்டு வருசம் பழகினேன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் வீடுதான்" என்றார்.

மார்ச் 8

காலையில் சம்பந்தி வந்து, உங்கள் வீட்டுக்கு வாசல் எந்தத் திசையில் என்று கேட்டார். கிழக்கு என்றேன். அடுப்பு? தென்கிழக்கு மூலையில். ஏன் என்றேன். சரித்திர ஆர்வம் என்றார்.

மார்ச் 15

விடுதிக்கு வடபுறம் தென்னந்தோப்பில் ரோடெல் புதர் வெட்டிக்கொண்டிருந்தான். எதற்கு என்றால் பாம்பு என்றான். நானும் ஓர் அரிவாளை எடுத்து வெட்டினேன். வேலை செய்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

செண்பகம் மாடியில் நின்று பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது.

மார்ச் 22

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

காலையில் கோபுரத்துப் பக்கமிருந்து சங்குச் சத்தம் கேட்டது. கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்களோ என்று வெளியே வந்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு வீடு நடந்து வந்துகொண்டிருந்தது.

கூரையும் சன்னலும் கதவுமாக முழு வீடு. அடியில் மூங்கில்கள். மூங்கிலுக்குக் கீழே தோள்கள். மீன்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், தேவாலயத்தில் மணி அடிக்கிறவர், எல்லோரும் இருந்தார்கள். ரோடெல் முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். முன்னால் சம்பந்தி சங்கைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாக நடந்து, இடம் வலம் சொல்லிக்கொண்டிருந்தார். மின்கம்பி வந்தபோது வீடு நின்றது, எல்லோரும் குனிந்தார்கள், வீடும் குனிந்து வந்தது. சன்னலுக்குள் ஒரு கோழி கூடையில் அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவு கலவரத்திலும் அது இறங்கவில்லை.

முகத்துவாரத்தில் சம்பந்தியின் அண்ணன் குடியிருந்த வீடாம். அவர் போன பிறகு பூட்டிக் கிடந்தது. மேலே வேய்ந்திருப்பது அலையாத்திக் காட்டில் வளரும் ஒரு குட்டைப் பனையின் ஓலை. பனை பனைதான்.

தென்னந்தோப்பில் புதர் வெட்டிய இடத்தில் இறக்கினார்கள். முதலில் வாசல் கடலைப் பார்த்து மேற்கே இருந்தது. சம்பந்தி கையை ஆட்டினார். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தூக்கி, முழுசாகத் திருப்பி, கிழக்கே பார்த்து வைத்தார்கள்.

அப்போதுதான் கதவைப் பார்த்தேன். நிலைக்கு மேலே நீலப் பெயிண்டில் 3/17 என்று எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல்.

"நம்பர் வீட்டோடதான் வரும்னு சொன்னேம்லா சம்பந்தி" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "இனி இது ஒங்க வீடு. நான் இங்க வந்தா விருந்தாளி. நீங்கதான் எனக்குக் காப்பி தரணும்."

எண்ணைச் சொன்னது செண்பகமாம். மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருமல் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. நன்றாக அழுதேன். நாற்பது பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகுதான் வீட்டுக்காரன் சாப்பாடு போட வேண்டும் என்ற விதி ஞாபகம் வந்தது. அடுக்களைக் கதவுக்கு முட்டுக்கொடுத்த வட்டிலிருந்து ஆரம்பித்து, கருப்பட்டியில் பாதியை உடைத்து, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, தென்கிழக்கு மூலையில் அடுப்பு மூட்டி, அண்டா நிறையக் காப்பி போட்டேன். சம்பந்தியம்மா சோறும் மீனும் கொண்டுவந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "வாங்க" என்று நான் சொன்ன பிறகுதான் வந்தார். "ஈட், ஈட்" என்றேன். சிரித்துவிட்டார்.

குறை: மேற்குச் சுவரில் ஒரு மூங்கில் விலகியிருக்கிறது. கட்ட வேண்டும்.

மார்ச் 27

ஒன்பதாம் மாதம். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துச் சட்டை மாற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பழம், வளையல் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவர்களும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் முறையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பொண்ணத் தலப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்றேன். வந்திருந்தது நான் ஒருவன்தான். ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"பயணம் ரொம்பத் தூரமா?" என்று கேட்டார் சம்பந்தி.

"ஒரு தென்னந்தோப்பு தாண்டணும்."

"பத்திரமா கூட்டிட்டுப் போங்க. எட்டாம் மாசம் முடிஞ்சிட்டுல்லா?"

"முடிஞ்சிட்டு."

சம்பந்தியம்மாதான் வளையல் போட்டுவிட்டார். இரண்டு உடைந்தது. அழைத்து வரும்போது ரோடெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். வாசலில் தயங்கி நின்றவனிடம் "சாப்ட்டியளா மாப்ள?" என்றேன். உள்ளே வந்தான்.

செண்பகம் கதவில் இருந்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் காலை வைத்தாள்.

மார்ச் 30

கோழி ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது.

மேற்குச் சுவர் மூங்கிலைக் கட்டிவிட்டேன். கூரையின் வளைமூங்கில் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டியிருந்ததால், பெட்டியிலிருந்து அந்த நூல் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டி, மிச்சக் கருப்பட்டியை அப்படியே உள்ளே வைத்து ஆட்டிப் பார்த்தேன். தாங்குகிறது. சத்தம்கூட இல்லை.

செண்பகம் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சேல" என்றாள்.

"ஆமா."

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவிய, தொட்டில் சேலைய எதுக்குப்பா இங்க கொண்டுவந்திய?"

"பெட்டில எடம் இருந்துச்சு."

நான் கருப்பட்டியை வெளியே எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்கப்பா. நான் தூங்குற வரைக்கும் ஆட்டிட்டே இருங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் கருப்பட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேறு வேலை எதுவும் இல்லை.